மரமில்லாத் தீவின் மரக்குடில்கள்

மரமென்று சொல்லத்தக்கது ஒன்றேனும் நின்று வளராத ஒரு நாட்டில் மனிதர் கட்டிய பழைய வீடுகள் பெரும்பாலும் மரத்தாலாயவை. நோர்வே நாட்டின் வடகரைக்கும் வடதுருவத்திற்கும் இடையே, 74 பாகைக்கும் 81 பாகைக்கும் உட்பட்ட வட அகலக்கோடுகளிற் கிடக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டமே அந்நாடு. அக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவு ஸ்பிட்ஸ்பேர்கன். ஆங்கு வில்லோ என்னும் மரவினத்தைச் சேர்ந்த செடியொன்று உண்டு. அதுவும் காற்றுக்கஞ்சி நிலத்தோடு நிலமாய்ப் படர்ந்து கிடப்பதன்றி, ஒருவன் கணைக்காலளவுக்கேனும் நிமிர்வதில்லை. ஒக்டோபர் மாதக் கடைசியில் மறையும் ஞாயிறு பெப்ரவரி நடுப்பகுதி வரையில் அடிவானத்திற்கு மேலே தலைகாட்டுவதில்லை. இத்தகைய நிலத்திலே கடந்த நானூறு ஆண்டுகளாக மனிதர் குடில்கள் கட்டியும், அவற்றைச் செப்பனிட்டும், சில வேளைகளில் அவற்றையே உடைத்து எரித்தும் வாழ்ந்த வரலாறு இப்பேச்சின் பொருளாகும்.

மரம் வளராத கரைக்கு மரம் வந்த வழியை முதலில் அறிதல் வேண்டும். சைபீரியாவின் பெருநதிகளாகிய ஒப், யெனிசே, லேனா ஆகியவை வடக்கு நோக்கியோடி உறைகடலிற் கலப்பவை. வெள்ளம் பெருகுங் காலத்திற் கரையோரக் காடுகளிலிருந்து வேரோடு பெயர்ந்த மரங்களும், மரம் வெட்டுவோர் கையினின்று தப்பிய குற்றிகளும் அந்நதிகளோடு கடலை யடைகின்றன. நீரிலேயே மிதந்துகொண்டிருப்பின் அவை நெடுங்காலம் தாங்கா, ஊறி அமிழ்ந்துவிடும். ஆனால் கடற்பனிக்கட்டி அவற்றைப் பற்றிக்கொண்டு, துருவத்தைக் கடந்து செல்லும் நீரோட்டத்தின் வழியே மெல்ல மெல்லச் சுமந்து, ஆண்டுகள் சில கழிந்தபின் ஸ்வால்பார்ட்டின் கரைகளில் இறக்கிவிடுகின்றது. உப்பில் ஊறி, பனியில் உறைந்து, காற்றில் உலர்ந்து சாம்பல்நிறம் பெற்ற அம்மரங்கள் கரைமுழுதும் எலும்புகள்போலச் சிதறிக் கிடக்கும். விறகும் அதுவே, வீடும் அதுவே. கடல் கொணர்ந்த இம்மரம் இன்றேல், குளிர்காலத்தை அத்தீவிற் கழித்தோர் பலருடைய கதை வேறாக இருந்திருக்கும்.

வடகடல் வரலாற்றில் முதன்முதற் பெயர் பெற்ற குடில் ஸ்வால்பார்ட்டில் அன்று, அதற்குக் கிழக்கேயுள்ள நோவாயா செம்லியா என்னுந் தீவிற் கட்டப்பட்டது. 1596 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஸ்பிட்ஸ்பேர்கனைக் கண்ட ஒல்லாந்த மாலுமி வில்லெம் பாரன்ஸ் என்பார், வடகிழக்கு வழியாகச் சீனத்திற்கும் கீழைத்தேயங்களுக்கும் கடல்வழி தேடிச் சென்றவர். ஒல்லாந்தர் நமக்குப் புதியரல்லர்; இவர் சென்ற ஆறாண்டுகளின் பின், 1602 இல், அவர்தம் நாட்டினரான ஸ்பில்பேர்கன் தென்வழியாக வந்து மட்டக்களப்பில் நங்கூரமிட்டார். வடக்கே வழிதேடியவரும் தெற்கே சுற்றிவந்தவரும் நாடிய செல்வம் ஒன்றே. ஆயினும் பாரன்சின் கப்பலைப் பனிக்கட்டி நெருக்கிப் பிடித்துக்கொண்டது. பதினேழு பேரும் கரையேறி, கடல் ஒதுக்கிய மரங்களையும் கப்பற் பலகைகளையும் கொண்டு வீடொன்று சமைத்தனர். நடுவிலே தீ, கூரைமேற் புகைபோக்கியாக ஒரு மரப்பீப்பாய், மற்றொரு பீப்பாயிற் குளிப்பு. ஒருநாள் குளிர் தாங்காது கப்பலிலிருந்து நிலக்கரியைக் கொணர்ந்து எரித்து, வெப்பம் வெளியேறாதவாறு எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டு உறங்கினர். சிறிது நேரத்தில் தலைசுற்றி மூர்ச்சிக்கும் நிலை யெய்தினர். எழுந்து கதவைத் திறக்க வலுவுடையவன் ஒருவன் இருந்தமையால் உயிர் தப்பினர். குளிரை முற்றாக வெளியே நிறுத்த முயல்பவன் மூச்சையும் நிறுத்திக்கொள்வான் என்பதை அன்று அவர்கள் கண்டனர். பிற்காலத்துக் குடில்களைக் காத்தோர் அனைவரும் முதலிற் கற்கவேண்டியிருந்த பாடமும் அதுவே.

மறு கோடையில் இரு திறந்த படகுகளில் அவர்கள் புறப்பட்டனர். பாரன்ஸ் வழியிலேயே இறந்தார். பன்னிருவர் 1597 ஆம் ஆண்டு நவம்பரில் அம்ஸ்டர்டாம் நகரை மீண்டடைந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற வீட்டுக்கு அதன்பின் ஆள் வரவில்லை. 1871 ஆம் ஆண்டில் எல்லிங் கார்ல்சன் என்னும் நோர்வேக் கப்பற்றலைவர் அவ்விடத்தை யடைந்தபோது, இருநூற்றெழுபத்து நான்கு ஆண்டுகளின் பின்னும் பாத்திரங்களும் கருவிகளும் நூல்களும் பனியுள்ளே உறைந்து கிடந்தன. அவை இன்று அம்ஸ்டர்டாமிலுள்ள தேசிய அரும்பொருட்சாலையிற் காணப்படுகின்றன. குளிர் பொருளை அழிப்பதிற் காட்டும் சோம்பலுக்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஆனால் இதனைக் கொண்டு, வடகடற் குடில்கள் தாமே நிலைத்து நிற்பவை என்று எண்ணிவிடல் ஆகாது. அவை எவ்வாறு நின்றன என்பதையே இனிக் காண்போம்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பிட்ஸ்பேர்கன் கடலிற் திமிங்கில வேட்டை பெருகிற்று. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் கோடையிற் கரையிற் கொட்டகைகள் அமைத்துக் கொழுப்புக் காய்ச்சினர். குளிர்காலத்தில் எவரும் தங்கினாரல்லர். தங்கினால் இறப்பு உறுதி என்பதே அக்காலத்து நம்பிக்கை. 1630 ஆம் ஆண்டில் எட்டு ஆங்கிலேயர் மான் வேட்டைக்காகக் கரையில் இறக்கப்பட்டு, கப்பலைத் தவறவிட்டு, விரும்பாமலே தங்க நேர்ந்தது. அவர்களுள் ஒருவரான எட்வேர்ட் பெல்லம் மறு ஆண்டே தம் அநுபவத்தை நூலாக்கி வெளியிட்டார். பெல்சுண்ட் என்னுங் குடாவில் ஓடு வேய்ந்த பெருங்கொட்டகையொன்று இருந்தது. கோடையில் மிடாக்கள் செய்வோர் தங்குமிடம். அத்துணைப் பெரிய வெளியை எத்தீயும் சூடாக்காது என்பதை உணர்ந்த அவர்கள், அருகிலிருந்த சிறிய கட்டடத்தை உடைத்துப் பலகையும் சட்டமும் எடுத்தனர். கொழுப்புக் காய்ச்சும் உலைகளிலிருந்து செங்கற்களைப் பெயர்த்தனர். அவற்றைக் கொண்டு பெருங்கொட்டகையின் உள்ளேயே இருபதடி நீளமும் பதினாறடி அகலமும் உடைய வேறொரு வீடு கட்டினர். வீட்டினுள் வீடு! வெளிச்சுவர் காற்றைத் தடுக்க, உட்சுவர் சூட்டைக் காத்தது. உலைகளின் அடியிற் கிடந்த திமிங்கிலக் கழிவும், துருவமான் இறைச்சியும், பின்னர் கரடியிறைச்சியும் உணவாயின. 1631 ஆம் ஆண்டு மே மாதத்திற் கப்பல்கள் மீண்டபோது எண்மரும் உயிரோடிருந்தனர்.

இதிலே கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர்கள் வீடு கட்டியது மற்றொரு வீட்டை அழித்தே. மரமில்லா நாட்டிற் கட்டுதலும் அழித்தலும் ஒரே கையின் தொழில்களாயின. இவ்வழக்கம் அடுத்த முந்நூறு ஆண்டுகளிலும் தொடர்ந்தது.

ஒல்லாந்தர் வடமேற்கு மூலையில் அம்ஸ்டர்டாம் தீவென்று பெயரிட்ட நிலத்தில் ஸ்மேரன்பேர்க் என்னும் நிலையத்தை 1619 ஆம் ஆண்டுமுதல் நிலையான கட்டடங்களோடு நடத்தினர். அப்பெயருக்குக் ‘கொழுப்பூர்’ எனப் பொருள் கூறலாம். ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகரம், கடைத்தெருவும் தேவாலயமும் கொண்டது எனப் பிற்காலத்தார் கதை கட்டினர். அகழ்ந்து பார்த்த ஆராய்ச்சியாளர் கண்டதோ சில கட்டடங்களின் அடித்தளமும், இருநூறு பேரளவில் தங்கக்கூடிய இடமுமே. அந்நிலையத்தைக் குளிர்காலத்திற் காப்பதற்கென 1633 இல் எழுவர் நிறுத்தப்பட்டனர்; அவர்கள் பிழைத்தனர். அதே குளிர்காலத்தில் யான் மாயன் தீவில் நிறுத்தப்பட்ட எழுவரும் மாண்டனர். அடுத்த ஆண்டு ஸ்மேரன்பேர்க்கில் நிறுத்தப்பட்ட வேறெழுவரும் ஒருவர் மிச்சமின்றி மாண்டனர். வீடுகளைக் காக்க நிறுத்தப்பட்ட மனிதரைக் காக்க ஆளில்லை. அதன்பின் ஒல்லாந்தர் அம்முயற்சியைக் கைவிட்டனர்.

இவர்களைவிட அறிவோடு இத்தீவில் வாழ்ந்தோர் வெண்கடற் கரையிலிருந்து வந்த போமோர் என்னும் இரசிய வேட்டுவரே என்பது என் கருத்து. பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் மரக்குற்றிகளை மூலையிற் கொளுவி அடுக்கிய வீடுகளை ஸ்வால்பார்ட்டின் பல கரைகளிலும் நாட்டினர். வீட்டருகே உயர்ந்த மரச்சிலுவை; அது வழிபாட்டுக்கும் கடலில் வருவோர்க்கு அடையாளத்துக்கும் உதவிற்று. 1743 ஆம் ஆண்டிற் கிழக்கேயுள்ள எட்ஜ் தீவில் நால்வர் கரையிறங்கினர். தம் நாட்டார் முன்னே கட்டிவைத்த குடிலொன்று அங்கு உண்டு எனக் கேள்விப்பட்டிருந்தமையால் அதனைத் தேடினர். கண்டுபிடித்து ஓரிரவு தங்கித் திரும்புகையிற் கப்பலைக் காணவில்லை. புயல் அதனைக் கொண்டுபோயிற்று. அவர்களிடம் இருந்தவை ஒரு துப்பாக்கி, பன்னிரண்டு வெடிக்கு மருந்து, ஒரு கோடரி, ஒரு கத்தி, சிறிது மா, இன்னும் சில சில்லறைப் பொருட்கள்.

அவர்கள் முதலிற் செய்த வேலை வீட்டைச் செப்பனிட்டதே. பல ஆண்டு காற்றாலும் உறைவாலும் குற்றிகள் விலகி இடைவெளி விழுந்திருந்தது. தீவில் நிறைந்து கிடந்த பாசியை அள்ளி அவ்விடைவெளிகளில் இறுகத் திணித்தனர். போமோர் வீட்டுக்குப் புகைபோக்கி இல்லை. மண்ணடுப்பின் புகை யன்னல் மட்டத்துக்கு மேலே தங்கிக் கதவு யன்னல் வழியே வெளியேறும். மக்கள் அதற்குக் கீழே அமர்ந்திருப்பர். கரையொதுங்கிய பலகையிற் கிடைத்த ஆணிகளையும் இரும்புக் கொளுக்கியையும் காய்ச்சி அடித்து ஈட்டி செய்தனர். களிமண்ணில் விளக்கு வனைந்தனர். கொழுப்பு அதனூடே கசிந்தமையால், மாவு கரைத்த நீரிற் காய்ச்சி அதன் துளைகளை அடைத்தனர். ஆறாண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்தனர். ஸ்கேவி என்னும் ஈறழுகும் நோயால் ஒருவர் இறந்தார். மற்ற மூவரும் உடற்பயிற்சியாலும் பச்சிலையாலும் புதிய இறைச்சியாலும் அந்நோயை விலக்கி, 1749 ஆம் ஆண்டிற் கப்பலொன்றால் மீட்கப்பட்டனர். இவர்கள் கதையை லெ றோய் என்னும் அறிஞர் எழுதிவைத்தார். முன்வந்தவன் கட்டிய வீடு பின்வந்தவனை ஆறாண்டு காத்த செய்தி அதிற் பொதிந்துளது. போமோருள் மிகப் பெயர்பெற்ற இவான் ஸ்ராரோஸ்தின் முப்பத்தொன்பது குளிர்காலங்களை இத்தீவிற் கழித்து 1826 இல் ஆங்கேயே இறந்தார் என்பது மரபு.

அப்போமோர் வீடுகள் இன்று எங்கே? நிலத்திலே கீழ்வரிசைக் குற்றிகளும் அடுப்பின் உடைந்த செங்கற்களும் மட்டுமே எஞ்சியுள. காலம் அழித்ததைவிட, பின்வந்த வேட்டுவர் கோடரி அழித்தது அதிகம். உலர்ந்த நல்ல மரம் வரிசையாக அடுக்கிக் கிடக்க, கரையெல்லாம் அலைந்து ஈரமரம் பொறுக்க எவன் விரும்புவான்? சில குற்றிகள் விறகாயின. சில வேறு குடில்களின் சுவராயின. இதனைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நோர்வேப் பொறிவேட்டுவர் காலம் தொடங்கிற்று. துருவநரியின் குளிர்காலத் தோலும் வெண்கரடித் தோலும் ஈடர் வாத்தின் மெல்லிறகும் அவர்கள் நாடிய பொருட்கள். ஒருவரோ இருவரோ மூவரோ கோடைமுடிவிற் கப்பலில் வந்திறங்கி, அடுத்த கோடைவரை தங்குவர். ஒருவருடைய வேட்டைநிலம் பல மைல் கரையோரமாக நீளும். அதற்கேற்ப வீடுகளும் இருவகையாயின. தலைமைக் குடில் ஒன்று. அதிற் படுக்கையும் அடுப்பும் உணவுச் சேமிப்பும் தோல் பதமிடும் இடமும் உண்டு. அதிலிருந்து ஒருநாள் நடைத்தூரத்துக்கு ஒன்றாகத் துணைக்குடில்கள். ஏழெட்டு அடிச் சதுரமே உடையவை பல. ஒருவன் கைகளை விரித்தால் இருபுறச் சுவரையும் தொடலாம். ஒரு கட்டில், ஒரு சிறு இரும்படுப்பு, ஒரு பலகை, அவ்வளவே. பொறிகளைப் பார்த்துவரச் செல்பவன் இருளிலும் புயலிலும் அவ்வொன்றை அடைந்தால் உயிர், அடையாவிடில் இல்லை.

இக்குடில் கட்டும் முறை எளிது. காக்கும் முறை எளிதன்று. கடல்மரத் தூண்களுக்கு இருபுறமும் பலகை அறைந்து, பலகைமேல் தார்க்கடதாசி போர்த்து, அக்கடதாசி காற்றிற் கிழியாமல் மெல்லிய சட்டங்களை வரிசையாக அடித்து நிறுத்துவர். இடைவெளியிற் பாசி திணிப்பதும், வெளிப்புறத்தே கல்லும் பாசிமண்கட்டியும் அணைத்துக் கட்டுவதும் உண்டு. உட்சுவரிற் பழைய செய்தித்தாள்களை ஒட்டி ஒழுகுகாற்றைத் தடுப்பர். நீண்ட இரவில் அச்சுவரே வாசிகசாலையும் ஆகும். யன்னல் ஒன்று, சிறியது. அதற்கு வெளியே தடித்த பலகைக் கதவு. அப்பலகையிலே ஆணிமுனைகள் வெளிநோக்கி நிற்கும். அது கள்வருக்காக அன்று, வெண்கரடிக்காக. கொழுப்பு வாசனை முகர்ந்த கரடி, மெல்லிய பலகைச்சுவரை ஒரு கடதாசிப்பெட்டியெனப் பிளந்து உட்புகும். ஆதலாற் குடிலை விட்டுச் செல்பவன் உணவின் மிச்சத்தை உள்ளே விடான். வாயிலுக்கு முன்னே தாழ்ந்த முன்னறை ஒன்றிருக்கும். விறகும் கருவியும் அதிலே. பனி வாயிலை மூடிய காலையில் உள்ளிருப்பவன் வழிதோண்ட வேண்டுமாதலால் மண்வாரியை வெளியே வைப்பது பேதைமை.

காற்றே முதற்பகை. கூரைக்கு மேலாகக் கம்பியை இழுத்துப் பாறையிற் பிணைப்பர். கம்பி துருப்பிடித்தால் மாற்றுவர். இரண்டாவது பகை உள்ளிருந்தே வருவது. மனிதன் மூச்சும் கொதிக்கும் பானையும் விடும் ஆவி சுவரிலே பட்டு உறைந்து பனிக்கட்டிப் படலமாகும். அடுப்பு மூண்டதும் உருகி ஒழுகும். படுக்கைத் தோல்கள் நனையும். எனவே அப்பனியைச் சுரண்டி வெளியே கொட்டுதல் அன்றாட வேலை. அடுப்புக் குழாயிற் படியும் கரியை அகற்றுதல் அடுத்தது. பாரன்சின் ஆட்கள் கண்ட ஆபத்து இங்கும் காத்திருந்தது. கோடையில் விறகு சேர்க்கும் முறையிலும் ஒரு நுட்பம் உளது. கடல்மரங்களைத் தரையில் அடுக்கினாற் பனி மூடிவிடும். ஆகவே அவற்றைத் தலைசாய்த்து ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்துக் கூம்பாக நிறுத்துவர். மூன்று மாதம் கழித்து இருட்டில் வருபவன் கைக்கு அவை எட்டும்.

இவ்வேலைகளெல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வழக்கம் இருந்தது. குடிலை விட்டுப் புறப்படுபவன் அடுப்பிலே சுள்ளி அடுக்கி, அருகே பிளந்த விறகும் தீக்குச்சியும் வைத்துவிட்டே செல்வான். விரல்கள் மரத்துப்போய் வருபவனுக்கு விறகு பிளக்க நேரமில்லை. ஒரு குச்சி கிழிக்கவே வலு இருக்கும். வருபவன் தானாகவும் இருக்கலாம், முன்பின் அறியாதவனாகவும் இருக்கலாம். கதவுக்குப் பூட்டில்லை.

வீடு எத்துணை நன்றாயினும் அது மட்டும் போதாது என்பதற்கு ஒரு துயரக்கதை உண்டு. 1872 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டார் தோர்ட்சன் முனையில், பொசுபேற்றுக் கல் அகழும் நோக்கத்தோடு, உறுதியான வீடொன்றை நிறுவினர். தொழில் கைகூடவில்லை; வீடும் உணவும் விறகும் அப்படியே இருந்தன. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் நோர்வே வேட்டைக்கப்பல்கள் சில வடக்கே பனியில் அகப்பட்டன. அவற்றின் ஆட்களுள் பதினெழுவர் படகு வலித்து அவ்வீட்டை வந்தடைந்தனர். சூடான வீடு, நிறைந்த உணவு, போதிய எரிபொருள். ஆயினும் அடுத்த கோடையிற் சென்றோர் கண்டது பதினேழு பிரேதங்களையே. அவர்கள் சோம்பிக் கிடந்து ஸ்கேவி நோயால் மாண்டனர் என்று நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழி சொல்லப்பட்டது. மாண்டவர் சார்பாகப் பேச ஆளில்லாத இடத்திற் பழி வேரூன்றுதல் எளிது. 2008 ஆம் ஆண்டளவில் நோர்வே ஆராய்ச்சியாளர் அவர்தம் எலும்புகளைச் சோதித்து, தகரப்பேணிகளைப் பொருத்திய பற்றாசிலிருந்து உணவிற் கலந்த ஈயமே அவர்களைக் கொன்றது என வெளியிட்டனர். பனிமேல் வேட்டையாடிக் குடிலில் ஒண்டிக் கிடந்தவன் பிழைக்க, நல்ல வீட்டிலிருந்து பேணியுணவு உண்டவன் இறந்தான். அவ்வீடு இன்றும் நிற்கின்றது. 1882 ஆம் ஆண்டிற் சர்வதேசத் துருவ ஆண்டு ஆராய்ச்சிக்காகச் சுவீடன் விஞ்ஞானிகள் அதே வீட்டிற் குளிர்காலம் கழித்தனர். அவர்களுள் ஒருவர், பின்னாளில் வாயுக்கூண்டிலேறித் துருவம் சென்று மீளாத அந்திரே.

வேட்டுவர் தம் நூல்களிற் கரடியையும் நரியையும் பற்றி எழுதிய அளவு குடில்காத்தலைப் பற்றி எழுதினாரல்லர். அவ்வேலையைக் கண்ணாற் காட்டியவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஒஸ்திரியா நாட்டு ஓவியரான கிறிஸ்தியானே றிற்றர் 1934 ஆம் ஆண்டிற் தம் கணவரோடும் நோர்வே வேட்டுவர் ஒருவரோடும் வடகரையிலுள்ள கிராகூக்கன் என்னுமிடத்தில் ஓராண்டு தங்கினார். அக்குடில் 1928 இல் ஹில்மார் நோயிஸ் என்பார் கட்டியது. ஆடவர் இருவரும் பொறி பார்க்கச் சென்ற நாட்களிற் புயல் மூண்டது. குடில் பனியுள் அமிழ, தனித்திருந்த அவர் வாயிலைத் தோண்டியும் அடுப்பைக் காத்தும் நாட்களைக் கழித்தார். 1938 இல் வெளிவந்த அவர் நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு இன்றும் வாசிக்கப்படுகின்றது. அவர் நூற்றுமூன்று வயது வரை வாழ்ந்தார். அவருக்குச் சற்று முன், 1932 இல், திரொம்சோ நகரில் வாடகைக்கார் ஓட்டிய வானி வோல்ட்ஸ்தாட் என்னும் மாது ஹோர்ன்சுண்ட் குடாவில் வேட்டுவராகவே வந்து ஐந்து குளிர்காலங்களைக் கழித்தார். அவர் தங்கிய ஹீத்தேவிக்காக் குடிலும் இன்று உளது.

மேற்சொன்ன ஹில்மார் நோயிஸ் முப்பத்தெட்டுக் குளிர்காலங்களை இத்தீவிற் கழித்தவர். சாசன் குடாவிலே தம் மாமன் தானியேல் தொடங்கிய வேட்டைநிலத்தில் 1924 ஆம் ஆண்டு இரண்டு மாடி வீடொன்று கட்டி, ‘அமைதியில்லம்’ எனப் பொருள்படும் பிரெட்ஹெய்ம் என்னும் பெயரை அதற்கு இட்டார். மனைவி ஹெல்பிரிட்டும் அங்கு வாழ்ந்தார். யன்னலுக்குத் திரைச்சீலையும் வருவோர்க்கு விருந்தும் உள்ள வீடு வேட்டுவர் உலகிற் புதுமையாகும்.

இரண்டாம் உலகப்போர் இவ்வாழ்வுக்கு முற்றுப்புள்ளி வைத்தது போலாயிற்று. 1941 இல் தீவுமக்கள் அகற்றப்பட்டனர். போர்க்காலத்தில் வானிலைச் செய்திக்காக ஜேர்மானியர் இரகசிய நிலையங்களை நிறுவினர். அவற்றுள் வடகிழக்குத் தீவிலிருந்த ஹௌடேகன் நிலையத்துப் பதினொருவர் போர் முடிந்ததை வானொலியிற் கேட்டும், அழைத்துச் செல்ல ஆளின்றிக் காத்திருந்து, 1945 செப்டெம்பர் 4 ஆம் நாள் நோர்வே வேட்டைக்கப்பற் றலைவர் ஒருவரிடம் சரணடைந்தனர். ஜேர்மன் படையிற் கடைசியாகச் சரணடைந்த பிரிவு அதுவே என்பர். அவர்கள் குடிலும் இன்று நிற்கின்றது. போருக்குப்பின் சிலர் வேட்டைக்கு மீண்டனர்; ஆனால் தோல்விலை வீழ்ச்சியும், 1973 இல் வெண்கரடிக்கு வந்த காப்பும் அத்தொழிலை ஒடுக்கின. குடில்களுக்கு வந்த உண்மையான ஆபத்து அப்போதே தொடங்கிற்று. ஆள் வாராத குடிலின் கூரையில் ஒரு சட்டம் பெயர்ந்தால் அதனை அறைய எவருமில்லை, கடதாசி கிழியும், பலகை நனையும், யன்னல் வழியே பனி உட்புகுந்து அறை முழுதும் கட்டியாகும். பின்னர் ஒரு கரடி வந்து மிச்சத்தை முடிக்கும்.

1920 இல் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கையின்படி 1925 முதல் இத்தீவுகள் நோர்வேயின் இறைமைக்கு உட்பட்டவை. அந்நாட்டரசு 1946 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மனிதச் சுவடு எதனையும், வீடாயினும் பொறியாயினும் கல்லறையாயினும், தானாகவே காப்புப் பெறுவதாகச் சட்டம் செய்துளது. இன்று நடைமுறையிலுள்ள சூழற்காப்புச் சட்டம் 2001 இல் ஆக்கப்பட்டு 2002 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அச்சுவடுகளைச் சுற்றி நூறு மீற்றர் எல்லையும் காவலுக்குட்பட்டது. தெற்கே தனித்துக் கிடக்கும் கரடித்தீவில் 1822 இற் கட்டப்பட்ட ஹம்மர்பெஸ்ட் வீடு, இன்றும் நிற்கும் கட்டடங்களுட் பழமையானது. அதற்கு அருகே வானிலை நிலையத்தார் வாழ்வது அதன் நற்பேறு.

சட்டம் காப்புத் தந்தது. அதனோடு புதிய சங்கடமும் தந்தது. முன்னாளில் வேட்டுவன் ஒருவன் பலகை உளுத்தால் கிடைத்த பலகையை வைத்து அறைந்தான். இன்று அவ்வாறு செய்யலாகாது. எந்த ஆணி, எந்தக் கடதாசி, எந்த மரம் என்பதற்கெல்லாம் ஆளுநர் அலுவலகத்தின் அநுமதி வேண்டும். பழைய முறையிலேயே புதுக்கவேண்டும். கரையிற் கிடக்கும் உடைந்த பெட்டியும் வரலாற்றுப் பொருளாகலாம். இதனால் அறியாமையால் நேரும் அழிவு குறைந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் கையிற் கிடைத்ததைக் கொண்டு தைத்துத் தைத்து வாழ்ந்ததே அக்குடில்களின் இயல்பு. அதனை ஓராண்டில் நிறுத்தி, அன்றிருந்த கோலத்தையே என்றும் காப்பது அதற்கு உரிய காப்பா என்ற ஐயம் எனக்குண்டு. நூற்றுக்கணக்கான மைல் கரையெங்கும் சிதறிக் கிடப்பனவற்றை எல்லாம் காத்தல் எவ்வாற்றானும் இயலாது. ஆதலாற் சிலவற்றைத் தேர்ந்து புதுக்கி, ஏனையவற்றை அளந்து, படமெடுத்து, பதிவு செய்து, இயற்கையின் கையில் விட்டுவிடுகின்றனர்.

அவ்வியற்கையும் முன்போல் இல்லை. உலகத்தின் பொதுச் சராசரியிலும் பன்மடங்கு விரைவாக இத்தீவுக்கூட்டம் வெப்பமடைகின்றது. என்றும் உறைந்திருந்த நிலத்தின் மேற்படை ஆழமாக இளகுகின்றது. அதன்மேல் நின்ற குடில் ஒருபுறம் சாய்கின்றது. மண்ணைத் தொட்டிருக்கும் அடிப்பலகையில், முன்னரும் மெல்ல வளர்ந்த பூஞ்சணம் இப்போது விரைந்து வளர்கின்றது. குடாக்கள் முன்னாளில் இலையுதிர்காலத்திலேயே உறைந்து கரைக்கு அரண்செய்தன. இன்று நீர் திறந்து கிடப்பதாற் புயலலை கரையை நேரே அறைகின்றது. வேட்டுவரோ தம் குடில்களைப் படகிலிருந்து ஏறவும் மரம் பொறுக்கவும் வசதியாகக் கரைவிளிம்பிலேயே கட்டினர். பிரெட்ஹெய்ம் வீட்டின் முன்னிருந்த நிலம் ஆண்டுக்காண்டு கடலில் வீழ்ந்தது. ஈற்றில் 2015 ஆம் ஆண்டில் அவ்வீட்டை அப்படியே பெயர்த்துக் கரையிலிருந்து உள்ளே நகர்த்தி மேட்டில் இருத்தினர். கடலைப் பார்த்திருந்த வீடு இப்போதும் கடலையே பார்க்கின்றது, சற்றுத் தொலைவிலிருந்து. மரவீட்டை இவ்வாறு தூக்கலாம். போமோர் வீட்டின் சிதைந்த அடித்தளத்தைத் தூக்க வழியில்லை. அவற்றைக் கடல் எட்டுமுன் அகழ்ந்து ஆராய்வதொன்றே செய்யக்கூடியது.

லொங்யேர்பியன் நகரில் வாழும் மக்கள் இன்றும் சிறு குடில்கள் வைத்திருக்கின்றனர். ஓய்வுநாட்களிற் பனியூர்தியிற் சென்று தங்கி, கூரை பார்த்து, விறகு பிளந்து திரும்புகின்றனர். பழைய வேட்டைக்குடில்கள் சிலவும் ஆராய்ச்சியாளர்க்கும் கண்காணிப்போர்க்கும் தங்குமிடமாய் உதவுகின்றன. அவை ஏனையவற்றைவிட நல்ல நிலையில் இருப்பதற்குக் காரணம் தேட வேண்டுவதில்லை. கோடையின் சில வாரங்களில், பனி நீங்கிக் கரை வெளிப்பட்டதும், பலகையும் தார்க்கடதாசியும் ஆணியும் ஏற்றிய படகுகள் புறப்படுகின்றன. அந்தச் சில வாரங்களுள் எக்குடிலுக்கு முதலிற் செல்வது, எதனை அடுத்த ஆண்டுக்கு விடுவது என்பதை அதற்குரியவர்கள் ஆண்டுதோறும் தீர்மானிக்க வேண்டியுளது.